எண் சரிந்தால் எது சரிகிறது?

2019 மார்ச் 5ஆம் தேதி இணையதளங்களுக்கு மதிப்பெண் போடும் மோஸ் நிறுவனம், 'டொமைன் அதாரிட்டி' என்ற தன் மதிப்பெண்ணின் கணக்கை அடியோடு மாற்றியது. ஒரு மாதம் முன்பே அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனால் அறிவிப்புகளை யார் படிக்கிறார்கள்? அந்த வாரம் எஸ்இஓவில், அதாவது தளங்களைத் தேடல் முடிவுகளில் மேலே கொண்டுவரும் வேலையில் இருந்தவர்களுக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: "நம் தளத்தின் மதிப்பெண் ஏன் குறைந்தது?" தளத்தில் ஒரு வரி மாறியிருக்காது. ஒரு இணைப்புகூட அறுந்திருக்காது. கூகுள் தேடலில் முந்தின நாள் இருந்த இடத்தில்தான் அன்றும் இருந்திருக்கும். மாறியது ஒரு மென்பொருள் நிறுவனம் கணக்குப் போடும் முறை மட்டும்.

அந்தக் கேள்வி அன்றோடு ஓயவில்லை. மோஸைப் போலவே தளங்களுக்கு எண் போடும் ஏரெஃப்ஸ் தன் டொமைன் ரேட்டிங்கைத் திருத்தியபோதும், செம்ரஷ் தன் அதாரிட்டி ஸ்கோரைத் திருத்தியபோதும் வந்தது, இன்றும் வருகிறது. அதற்கு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடமான பதில் ஒன்று உண்டு: "கூகுள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை, கவலையை விடுங்கள்." சரியான பதில்தான். அதோடு நிறுத்தினால் பாதி சொன்னதாகத்தான் ஆகும். கூகுள் பார்க்காத எண்ணை மனிதர்கள் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுகள் தளத்தின் மேல் வந்து இறங்குகின்றன. அவற்றைக் கூகுள் நன்றாகவே பார்க்கிறது. எண் மாறுவதால் எஸ்இஓவுக்கு ஏதாவது நடக்கிறது என்றால், இந்தச் சுற்றுவழியாகத்தான் நடக்கிறது.

முதலில் இந்த எண்கள் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். எல்லாவற்றையும் "அதாரிட்டி" என்று ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

மோஸின் டொமைன் அதாரிட்டி 1 முதல் 100 வரை போகும். ஒரு தளம் கூகுள் முடிவுகளில் எந்த அளவுக்குத் தலைகாட்டும் என்பதை, அதற்கு வரும் இணைப்புகளை வைத்து ஊகிக்கும் கணித மாதிரி அது. 2019 மாற்றத்தில் அந்த மாதிரியை நியூரல் நெட்வொர்க்குக்கு மாற்றினார்கள். ஒரு தளம் எவ்வளவு குப்பையாகத் தெரிகிறது என்று சொல்லும் ஸ்பேம் ஸ்கோரையும் உள்ளே சேர்த்தார்கள். ஏறக்குறைய 35 லட்சம் கோடி இணைப்புகள் கொண்ட புதிய இன்டெக்ஸின் (இணையத்தைப் படித்துத் திரட்டிய பட்டியலின்) மேல் அதை ஓடவிட்டார்கள். இவற்றைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறொன்று. பழைய மாதிரி, தேடல் முடிவுகளில் தெரியும் தளங்களை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டது. எந்தச் சொல்லுக்கும் தெரியாத குப்பைத் தளங்கள் அதன் பாடத்திட்டத்திலேயே இல்லை. அதனால் குப்பையை எடைபோட அதற்குத் தெரியவில்லை. புதிய மாதிரிக்கு அவற்றையும் காட்டினார்கள். விளைவு, இணைப்பு விற்கும் தளங்களும், பின்னூட்டப் பெட்டிகளில் இணைப்புகளை ஒட்டி வளர்ந்த தளங்களும், ஏலத்துக்கு வரும் காலாவதியான டொமைன்களும் மற்றவற்றைவிட அதிகமாக அடிவாங்கின.

ஏரெஃப்ஸின் டொமைன் ரேட்டிங் இன்னும் எளிமையானது. உங்களுக்கு இணைப்பு தரும் தனித்தனி டொமைன்கள் எத்தனை, அவற்றின் ரேட்டிங் என்ன, அவை ஒவ்வொன்றும் வேறு எத்தனை டொமைன்களுக்கு இணைப்பு தருகின்றன, இவ்வளவுதான். ஒரே தளத்திலிருந்து நூறு இணைப்பு வந்தாலும் ஒன்றுதான் கணக்கு. டிராஃபிக், உள்ளடக்கம், டொமைனின் வயது எதுவும் இதில் கிடையாது. செம்ரஷ் வேறு வழியில் போகிறது: இணைப்புகளின் பலத்தோடு, தேடலிலிருந்து தளத்துக்கு வருவதாக அது மதிப்பிடும் டிராஃபிக்கையும், இணைப்புகள் இயல்பாகத் தெரிகின்றனவா என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. மெஜஸ்டிக் என்ற இன்னொரு டூல் 2012 முதல் இரண்டு எண் தருகிறது. நம்பகமானவை என்று தேர்ந்தெடுத்த தளங்களிலிருந்து தொடங்கி, அங்கிருந்து எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள் என்று பார்ப்பது டிரஸ்ட் ஃப்ளோ. இணைப்புகளின் அளவை மட்டும் பார்ப்பது சைட்டேஷன் ஃப்ளோ.

ஆக, ஒரே தளத்துக்கு ஒரே நாளில் நான்கு டூல்களில் நான்கு எண் வரும். நான்கும் அவரவர் கணக்கில் சரிதான். "எந்த டூலில்?" என்று கேட்காமல் "உங்கள் தளத்தின் அதாரிட்டி எவ்வளவு?" என்று யாராவது கேட்டால், அந்த உரையாடலை அப்போதே முடித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. மோஸ், ஏரெஃப்ஸ் எண்கள் லாகரிதமிக் அளவில் போகின்றன, அதாவது மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளியும் கடினமாகிறது. 20லிருந்து 30க்கு ஏறுவது வேறு, 70லிருந்து 80க்கு ஏறுவது வேறு. "மூன்று மாதத்தில் பத்துப் புள்ளி" என்று ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் எந்தப் பத்து என்பதையும் எழுதிவிட்டால் தேவலை.

பச்சைப் பட்டையின் காலம்

இந்த மோகத்தின் வேர் கூகுளிடம்தான் இருக்கிறது. 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபடி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பேஜ்ரேங்க் வந்தது. ஒரு பக்கத்துக்கு வரும் ஒவ்வோர் இணைப்பும் ஒரு வாக்கு. வாக்களிப்பவரின் செல்வாக்கைப் பொறுத்து வாக்கின் எடை மாறும். ஒரு பக்கம் நிறையப் பேருக்கு இணைப்பு கொடுத்தால் அதன் வாக்கு அத்தனை பேருக்கும் பிரிந்துபோகும். இன்றைய எல்லா அதாரிட்டி எண்களும் இந்தக் கருத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த கணக்கை வெளியே காட்டியதுதான் வினை. 2000 டிசம்பரில், பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் டூல்பார் வந்தது. அதில் ஒரு சின்னப் பச்சைப் பட்டை, 0 முதல் 10 வரை. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதன் பேஜ்ரேங்க் கண்முன்னே தெரியும். இணையத்தில் இணைப்பு என்பது அதுவரை வாசகருக்குக் காட்டும் வழி; பட்டை வந்த பிறகு அதற்கு விலை குறிக்க முடிந்தது. பேஜ்ரேங்க் 7 உள்ள பக்கத்திலிருந்து இணைப்பு வேண்டுமா? இவ்வளவு. 5 போதுமா? இவ்வளவு. சந்தை தானாக உருவானது.

அந்தச் சந்தையில் முதலில் நீதிமன்றம் வரை போனது அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் என்ற நிறுவனம். பேஜ்ரேங்கை அளவுகோலாக வைத்துத் தளங்களில் விளம்பரம் போட்டுத்தரும் ஒரு வலையமைப்பை அது நடத்தியது. 2002இல் அதன் பேஜ்ரேங்க் 8லிருந்து 4க்கு இறங்கியது. வேண்டுமென்றே குறைத்துவிட்டார்கள், வியாபாரம் கெட்டது என்று கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2003 மே மாதம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதற்குச் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: பேஜ்ரேங்க் என்பது ஓர் அபிப்பிராயம், ஒரு தளம் எவ்வளவு முக்கியம் என்று கூகுள் நினைப்பது. அதைப் பொய் என்று நிரூபிக்க வழியில்லை, அதனால் அது பேச்சுரிமைப் பாதுகாப்புக்குள் வரும். கூகுளின் சொந்தக் கணக்கே அபிப்பிராயம் என்றால், கூகுளின் அபிப்பிராயம் என்னவாக இருக்கும் என்று வெளியிலிருந்து ஊகிக்கும் எண்ணை என்னவென்று சொல்வது?

2007 அக்டோபரில் இணைப்பு விற்ற பல தளங்களின் டூல்பார் எண்ணைக் கூகுள் குறைத்தது. பெரிய செய்தித் தளங்களும் அதில் மாட்டின. 2009 பிப்ரவரியில் கூகுள் ஜப்பான், தன் சேவை ஒன்றைப் பற்றி எழுத வலைப்பதிவர்களுக்குப் பணம் கொடுத்தது வெளியே வந்தது. கூகுள் தன் விதியைத் தன் மேலேயே போட்டது: கூகுள் ஜப்பான் தளத்தின் எண் 9லிருந்து 5 ஆனது. தண்டனை என்றால் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் அல்லவா, பட்டை அதற்குப் பயன்பட்டது. ஆனால் 2007இலேயே கவனித்துப் பார்த்தவர்கள் ஒன்றைச் சொன்னார்கள்: எண் இறங்கிய தளங்கள் சிலவற்றில் வருகை அப்படியேதான் இருந்தது. காட்டும் எண் வேறு, தேடல் பயன்படுத்தும் எண் வேறு என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பட்டையில் தெரிந்தது சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் நகல். உள்ளே ஓடிய கணக்கு ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது.

2013 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பட்டை புதுப்பிக்கப்படவே இல்லை. 2016இல் முழுவதுமாக அணைத்துவிட்டார்கள். பேஜ்ரேங்க் மட்டும் உள்ளே உயிரோடு இருக்கிறது. 18 ஆண்டுகளுக்குப் பிறகும் பயன்படுத்துகிறோம் என்று கூகுளின் கேரி இலியஸ் 2017இல் சொன்னார். விலைப்பட்டியலுக்கு எண் தேவைப்பட்ட சந்தை சும்மா இருக்குமா? பச்சைப் பட்டை காலியான இடத்தில் டொமைன் அதாரிட்டியும் டொமைன் ரேட்டிங்கும் வந்து உட்கார்ந்தன. அவற்றை உருவாக்கியவர்கள் ஆய்வுக் கருவியாகத்தான் உருவாக்கினார்கள். சந்தை அவற்றை நாணயமாக்கிக்கொண்டது.

ஒன்றும் செய்யாமலே எண் ஏன் மாறும்

இதில் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சூத்திரம் மாறுவது எளிதில் கண்டுபிடிக்கக்கூடியது. அன்றைக்கு எல்லோருக்கும் மாறியிருக்கும். கண்டுபிடிக்கக் கஷ்டமானது இன்டெக்ஸ் மாறுவது. ஒவ்வொரு டூலும் தன் கிராலரை அனுப்பி இணையத்தைத் தானே படித்துவைத்துக்கொள்கிறது. எந்தப் பக்கங்களைப் படிப்பது, எவ்வளவு நாள் வைத்திருப்பது, செத்த இணைப்பை எப்போது தூக்குவது என்பதெல்லாம் அவரவர் கொள்கை. ஒரு பெரிய இலவச வலைப்பதிவுச் சேவையின் சப்டொமைன்களை (அதன் முகவரிக்குக் கீழே வரும் கிளை முகவரிகளை) தனித்தனித் தளங்களாக எண்ணுவதை நிறுத்திவிட்டால் போதும், உங்களுக்கு இணைப்பு தந்த டொமைன்களின் எண்ணிக்கை ஒரே இரவில் சுருங்கிவிடும். இணைப்புகள் எல்லாம் அங்கேயேதான் இருக்கும்.

அப்புறம் மற்றவர்கள். இந்த எண் பெரும்பாலும் ஒப்பீட்டில் நிற்பது. வகுப்பில் முதல் மாணவன் இன்னும் அதிகம் வாங்கிவிட்டால், அதே மதிப்பெண் வாங்கிய மற்றவர்களுக்கும் தரம் இறங்குகிற தேர்வுமுறை இருக்கிறது இல்லையா, அதுபோலத்தான். உச்சியில் இருக்கும் பெரிய சமூக ஊடகத் தளங்களுக்குக் கோடிக்கணக்கில் புதிய இணைப்புகள் வந்தால், 100 என்ற கூரை உயராது. கீழே இருப்பவர்கள்தான் ஒரு புள்ளி, இரு புள்ளி இறங்குவார்கள்.

உங்களுக்கு இணைப்பு தந்தவர்களும் மாறுவார்கள். டொமைன் ரேட்டிங்கில் இது நன்றாகத் தெரியும். நூறு டொமைன்களுக்கு மட்டும் இணைப்பு தந்துகொண்டிருந்த ஒரு மதிப்பான தளம், திடீரென்று ஆயிரக்கணக்கான தளங்களுக்குத் தர ஆரம்பித்தால், உங்கள் பங்கு கரைந்துபோகும். அந்தத் தளம் தன் வெளி இணைப்புகளுக்கெல்லாம், இதை வாக்காக எண்ணாதே என்று சொல்லும் நோஃபாலோ குறியைப் போட்டுவிட்டால் டொமைன் ரேட்டிங்கிற்கு அது இல்லாத மாதிரி. இங்கே கூகுளின் கதை வேறு: 2019 செப்டம்பரில் நோஃபாலோவை இனிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் குறிப்பாக எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்துவிட்டது. ஒரே நிகழ்வில் டூல் உங்களைத் தண்டிக்கலாம், கூகுள் கண்டுகொள்ளாமலும் போகலாம்.

இவை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் உண்மையான இழப்பு வருகிறது: தளத்தின் முகவரி அமைப்பை மாற்றிவிட்டுப் பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிட, அதாவது ரீடைரக்ட் செய்ய மறந்திருப்பார்கள். நல்ல இணைப்புகள் எல்லாம் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 பக்கத்தில் போய் முட்டிக்கொண்டிருக்கும். எண் இறங்குவதைப் பார்த்து ஓடிவந்ததால் இதைக் கண்டுபிடித்த சந்தர்ப்பங்கள் எனக்கு உண்டு. அந்த அளவில் எண்ணுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கூகுளிடம் தளம் முழுவதற்குமான மதிப்பு என்று எதுவுமே இல்லையா? கூகுளின் ஜான் முல்லர் பல ஆண்டுகளாக டொமைன் அதாரிட்டியை நாங்கள் பயன்படுத்துவதில்லை என்று சொல்லிவருகிறார். 2024 மே மாதக் கடைசியில் கூகுளின் உள் ஆவணங்கள் கசிந்தன. பக்கங்களையும் தளங்களையும் பற்றிய 14,000க்கும் மேற்பட்ட பண்புகளின் பட்டியல். அதைப் பற்றி முதலில் எழுதிய இருவரில் ஒருவர் ராண்ட் ஃபிஷ்கின், டொமைன் அதாரிட்டி பிறந்த மோஸ் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். இன்னொருவர் எஸ்இஓ நிபுணர் மைக் கிங். அந்தப் பட்டியலில் "சைட் அதாரிட்டி" என்று ஒரு பெயர் இருந்தது. "பார்த்தீர்களா, இத்தனை நாள் பொய் சொன்னார்கள்" என்று ஒரே ஆரவாரம். ஆவணங்கள் உண்மையானவை என்று ஒப்புக்கொண்ட கூகுள், சூழல் தெரியாமல் அவற்றிலிருந்து முடிவுக்கு வராதீர்கள் என்றது. ஒரு பண்பின் பெயர் ஆவணத்தில் இருப்பதால் அதற்கு எவ்வளவு எடை, இன்றும் பயன்படுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடாது. என் கணக்கில், தளம் முழுவதையும் பார்த்து எடைபோடும் ஏதோ ஒன்று கூகுளிடம் இருப்பதில் வியப்பு எதுவும் இல்லை. ஆனால் அது மோஸின் எண் இல்லை, ஏரெஃப்ஸின் எண்ணும் இல்லை. முல்லர் மறுத்ததும் கசிவில் தெரிந்ததும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. மோஸ் தன் கணக்கை நாளைக்கு மாற்றினாலும் கூகுளுக்குள் ஓர் இலக்கமும் அசையாது.

தேடலில் போட்டியிடுவது பெரும்பாலும் பக்கங்கள்தான் என்பதையும் இந்த ஆரவாரத்தில் மறந்துவிடுகிறார்கள். ரேட்டிங் 90 இருக்கும் தளத்தில் எவரும் படிக்காத பக்கங்கள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. ரேட்டிங் 25 உள்ள சிறிய தளத்தின் ஒரே ஒரு பக்கம், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதால், அவற்றைத் தாண்டி மேலே நிற்பதை எந்தத் தேடலிலும் பார்க்கலாம்.

எண்ணிலிருந்து தளத்துக்கு

இப்போது அந்தச் சுற்றுவழிக்கு வருகிறேன். எண் மாறியதும் முதலில் அசைவது வேலைத் திட்டம். இது பலருக்குத் தெரியாது: ஒரு தேடல் சொல்லுக்கு மேலே வருவது எவ்வளவு கடினம் என்று, சொல்லின் கடினத்தன்மையாக டூல்கள் காட்டும் கணக்கில் பலவற்றுக்குள் இதே அதாரிட்டி எண்கள் ஒளிந்திருக்கின்றன. மோஸ் அந்தக் கடினத்தன்மையை, முதல் பக்க முடிவுகளின் பேஜ் அதாரிட்டி (தனிப் பக்கத்துக்கான எண்), டொமைன் அதாரிட்டியிலிருந்து எடுக்கிறது. அதாரிட்டியின் சூத்திரம் மாறினால் கடினத்தன்மையும் நகரும். "40க்குக் கீழே இருக்கும் சொற்களுக்கு மட்டும் எழுதுவோம்" என்று விதி வைத்திருக்கும் ஆசிரியர் குழு, அடுத்த காலாண்டில் வேறு தலைப்புகளை எழுதிக்கொண்டிருக்கும். அவர்களுக்குக் காரணம்கூடத் தெரியாது. கூகுளில் ஒன்றும் மாறவில்லை. தளத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது மாறிவிட்டது.

அடுத்தது சந்தை. பிறர் தளத்தில் இணைப்போடு கட்டுரை போட்டுத்தரும் கெஸ்ட் போஸ்ட் விற்பவர்களின் பட்டியலில் தளத்தின் பெயர், ரேட்டிங், விலை என்று மூன்று நிரல்கள் இருக்கும். வாசகர்கள் யார், அந்தப் பக்கத்தை யாராவது படிக்கிறார்களா என்பதற்கு நிரல் கிடையாது. விலையைத் தீர்மானிப்பது எண் என்று ஆகிவிட்டதும், எண்ணை மட்டும் உயர்த்துவது தனித் தொழிலாகிவிட்டது. காலாவதியான டொமைனை வாங்கி உங்கள் தளத்துக்கு ரீடைரக்ட் செய்வார்கள். யாரை வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் திருப்பிவிடும், பெரிய தளங்களின் திறந்த ரீடைரக்ட் முகவரிகளை வளைத்து இணைப்பு மாதிரி காட்டுவார்கள். சில வாரங்களில் ரேட்டிங் 10லிருந்து 50க்குப் பறக்கும். தேடலில் வரும் கிளிக்குகள் பூஜ்யமாகவே இருக்கும். ஏரெஃப்ஸில் ரேட்டிங்குக்குப் பக்கத்திலேயே டிராஃபிக் மதிப்பீடும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பித்தலாட்டம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வாங்குகிறவர்கள் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவர்களுடைய மேலாளரும் ரேட்டிங்கைத்தான் பார்க்கிறார்.

இதில் நிஜமான ஆபத்து எங்கே என்றால், கூகுளின் விதிகள் இந்த வேலைகளை நேராகவே குறிவைக்கின்றன. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற தேடல் மாற்றம், வாங்கிய இணைப்புகளால் ஏறிய தளங்களைக் கீழே தள்ளியது. 2016இல் வந்த அதன் நான்காம் பதிப்பு அப்படித் தள்ளாமல், கெட்ட இணைப்புகளின் மதிப்பை மட்டும் வெட்டத் தொடங்கியது. கேட்க மென்மையாகத் தெரியும். வாங்கியவருக்கு அதுதான் மோசம்: தண்டனை வந்தால் ஏதோ தவறு என்றாவது தெரியும், இப்போது பணம் போய்விடுகிறது, எண் ஏறிவிடுகிறது, ஒன்றும் நடப்பதில்லை, ஏன் என்றும் தெரிவதில்லை. 2024 மார்ச்சில் இன்னும் நேராக வந்தார்கள். காலாவதியான டொமைனின் பழைய பெயரை வைத்துத் தரமற்ற பக்கங்களை ஏற்றுவதும், மதிப்பான தளத்தின் முதுகில் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளின் பக்கங்களை ஏற்றுவதும் ஸ்பேம் விதிமீறல்களாயின. இரண்டாவது விதி அந்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உயர்ந்த அதாரிட்டி இருந்தால் எதையும் ரேங்க் செய்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கூப்பன் பக்கங்களை வாடகைக்கு விட்ட பெரிய தளங்கள் அந்தப் பக்கங்களை இழந்தன.

தண்டனை எதுவுமே இல்லாமல் கெட்டுப்போன ஒரு தளத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு டூலின் இன்டெக்ஸ் சுத்தம் செய்யப்பட்டதில் அதன் எண் சில புள்ளிகள் இறங்கியது. தேடல் வருகை சீராகவே இருந்தது. வரைபடத்தைக் காட்டிச் சொன்னேன். ஆனால் எண் அவர்களுடைய காலாண்டு இலக்கில் எழுதப்பட்டிருந்தது. இலக்கில் எழுதிய எண்ணை யாராலும் சும்மா விட முடியாது. பழைய வழிகாட்டிக் கட்டுரைகளைப் புதுப்பிக்க ஒதுக்கிய பணம் "ரேட்டிங் 50க்கு மேல் உள்ள தளங்களில் கட்டுரை" என்ற தொகுப்புக்குப் போனது. எண் திரும்ப ஏறியது, எல்லோருக்கும் நிம்மதி. அந்த மாதங்களில் போட்டித் தளங்கள் தங்கள் வழிகாட்டிகளைத் திருத்தி, புதிய படங்களும் புதிய விவரங்களும் சேர்த்துக்கொண்டன. இவர்களுடைய முக்கியப் பக்கங்கள் மூன்றாம் இடத்திலிருந்து ஏழு, ஏழிலிருந்து அடுத்த பக்கம் என்று நழுவின. அதாரிட்டி மாற்றம் எஸ்இஓவைப் பாதிக்குமா என்று கேட்டால் என் நினைவுக்கு வருவது இதுதான். பாதித்தது. கூகுளின் வழியாக இல்லை, பட்ஜெட்டின் வழியாக.

பயத்தில் டிஸ்அவோ கோப்பை எடுக்கிறவர்கள் இன்னொரு ரகம். எண் இறங்கியதும், ஸ்பேம் ஸ்கோர் அதிகம் என்று டூல் சிவப்பில் காட்டும் இணைப்புகளை எல்லாம் மொத்தமாகக் கூகுளிடம் "இவற்றைக் கணக்கில் எடுக்காதே" என்று கொடுத்துவிடுவார்கள். அந்தச் சிவப்புப் பட்டியலில் உண்மையான வாசகர்கள் வைத்த சிறிய வலைப்பதிவுகளின் இணைப்புகளும் இருக்கும். வேலை செய்துகொண்டிருந்த இணைப்பைத் தன் கையாலேயே துண்டித்துக்கொள்வது. கூகுள் ஊழியர்கள் நேரில் பார்த்து நடவடிக்கை எடுத்ததாகக் கூகுளிடமிருந்து அறிவிப்பு வராத வரை பெரும்பாலான தளங்களுக்கு அந்தக் கோப்பே தேவையில்லை. கூகுளும் இதைத்தான் சொல்கிறது.

சரி, எண் இறங்கிவிட்டது, என்னதான் செய்வது? நான் முதலில் போட்டியாளர்களின் எண்ணைப் பார்க்கிறேன். எல்லோரும் இறங்கியிருந்தால் டூலின் வேலை. ஒரு மின்னஞ்சலில் விஷயம் முடிந்தது. நாம் மட்டும் இறங்கியிருந்தால் இழந்த டொமைன்களின் பட்டியலைத் திறக்கிறேன். அதில் எனக்குத் தெரிந்த பெயர்கள், உண்மையில் வாசகர்களை அனுப்பிய தளங்கள் இருக்கின்றனவா? இருந்தால் 404, ரீடைரக்ட், அந்தப் பக்கத்தையே அவர்கள் நீக்கிவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். கூடவே, தளத்தின் தேடல் விவரங்களைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் 16 மாத வரைபடம். கிளிக்குகள் எந்தப் பக்கங்களில், எந்தத் தேடல்களில் குறைந்தன என்பது அங்கே இருக்கிறது, ஊகம் எதுவும் தேவையில்லை.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது என்பதை 2025 செப்டம்பர் காட்டியது. ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டச் சொல்லும் வசதியைக் கூகுள் அப்போது நிறுத்திவிட்டது. அந்த வசதியை வைத்துத்தான் ரேங்க் பார்க்கும் டூல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவை நூறு முடிவுகளையும் திறந்ததால் 80ஆம் இடத்தில் இருந்த பக்கத்துக்கும் ஓர் இம்ப்ரெஷன் (தேடலில் காட்டப்பட்ட கணக்கு) பதிவாகிக்கொண்டிருந்தது. வசதி நின்றதும் பல தளங்களின் இம்ப்ரெஷன் பொத்தென்று விழுந்தது, சராசரி இடமோ மேலே ஏறியது. கிளிக்குகள் அசையவில்லை. அந்த மாதமும் பலருக்கு இன்பாக்ஸ் நிரம்பியது.

மாத ரிப்போர்ட்டிலிருந்து அதாரிட்டி நிரலைத் தூக்கிவிடலாமா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நான் தூக்கவில்லை. ஆயிரம் தளங்கள் கொண்ட பட்டியலில் முதலில் எவற்றைத் திறந்து பார்ப்பது என்று வடிகட்ட அதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஒரே துறையில் உள்ள தளங்களை ஒரே டூலில், ஒரே நாளில் ஒப்பிடவும் உதவுகிறது. அதனால் எண்ணைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். பக்கத்தில் டூலின் பெயரும் எடுத்த தேதியும், நான்கைந்து போட்டியாளர்களின் எண்ணும். போன மாதத்திலிருந்து எத்தனை புள்ளி ஏறியது, இறங்கியது என்ற அம்புக்குறியை மட்டும் எடுத்துவிட்டேன். கேள்விகள் பாதிக்கு மேல் அதோடு நின்றுபோயின. மீதிக் கேள்விகள், ஒப்பந்தத்தில் இன்னும் அந்த எண்ணை இலக்காக வைத்திருப்பவர்களிடமிருந்து வருகின்றன. அவர்களுக்கு நான் அனுப்பும் பதிலில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு, கிளிக்குகளையும் வாடிக்கையாளர் விசாரிப்புகளையும் போடுங்கள்.